மீம் ஒன்றைத் தானாகப் பாட வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கையில் எட்டு நொடி ஓடும் ஒரு மீம் வீடியோ இருக்கிறது. அதில் வரும் பேச்சையே மெட்டாக்கி, படமும் தாளத்துக்கு வெட்டி வெட்டி ஓடும்படி ஒரு ரீமிக்ஸ் வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டாமல், நிரல் எழுதித் தானாக வரவைக்க வேண்டும். பைத்தான் ஓரளவு தெரியும், இசை முறையாகப் படித்ததில்லை. முடியுமா?

முடியும். இசை படிக்காதது பெரிய தடை இல்லை. இதற்கு வேண்டிய இசையறிவு முக்கால்வாசி கூட்டல், கழித்தல், வகுத்தல்தான். சில வருடங்களாக நான் இப்படிப்பட்ட நிரல்களை எழுதி வருகிறேன், அதனால் எங்கே கால் இடறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தானியங்கி என்றதும் வீடியோவை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் பாட்டு வந்து விழும் என்று தோன்றும். அப்படியும் எழுதலாம், ஆனால் வருவதை இரண்டாம் முறை கேட்க மனம் வராது. மீமில் எந்தெந்த அசை வேண்டும், ஒவ்வோர் அசையிலும் உயிர் ஒலி எந்தக் கணத்தில் தொடங்குகிறது ஆகிய இரண்டையும் நீங்களே காதால் கேட்டுக் குறித்துக்கொடுங்கள். எட்டு நொடித் துணுக்குக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சுருதி மாற்றுவது, தாளத்தில் அடுக்குவது, படத்தை வெட்டி ஒட்டுவது எல்லாவற்றையும் அதற்கப்புறம் நிரலிடம் விட்டுவிடலாம். கையைவிடத் துல்லியமாகச் செய்யும். ஒரு முறை குறித்த அதே கோப்பை வைத்து இருபது மெட்டுகளில் இருபது ரீமிக்ஸ் எடுக்கலாம் என்பதுதான் இதில் உண்மையான லாபம்.

சத்தத்தை வெட்டி இசையாக்குவது இணையத்தோடு பிறந்த பழக்கம் இல்லை. 1948-இல் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியேர் ஷேஃபர், ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, அவற்றையே அடுக்கி இசை அமைத்தார். 2006-இல் ஜப்பானில் நிகோநிகோ வீடியோ தளம் வந்த பிறகு, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வீடியோத் துணுக்கு என்று அடுக்கும் வழக்கம் அங்கே 'ஓட்டோமேட்' என்ற பெயரில் பெரிதாக வளர்ந்தது. யூடியூபில் அதன் உறவுக்காரருக்கு 'ஒய்டிபிஎம்வி' என்று பெயர். நீங்கள் கேட்பது இந்த வகை. மாதிரிகள் தேடும்போது இந்த இரண்டு பெயர்களும் கைகொடுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் மீமின் நல்ல பிரதியைத் தேடுங்கள். பலர் கை மாறி வந்த வீடியோவில் ஒலி பலமுறை நசுங்கியிருக்கும். அப்படி நசுங்கிய ஒலியைச் சுருதி மாற்றினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல வரும். பேச்சுக்குப் பின்னால் ஏற்கனவே இசை ஓடுகிறது என்றால், குரலை மட்டும் பிரித்தெடுக்க டெமுக்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. பிரித்த குரல் முழுச் சுத்தமாக இருக்காது. ஆனால் மேலே புதிய இசை ஏறிவிடுவதால் அந்தக் குறை பெரும்பாலும் காதில் படாது.

அப்புறம், எதையும் வெட்டுவதற்கு முன், வீடியோ, ஒலிக் கோப்புகளை மாற்றித்தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலைக் கொண்டு மூலத்தை இரண்டாகப் பிரியுங்கள். படம் நொடிக்குச் சீராக 30 பிரேம் ஓடும் வீடியோவாகவும், ஒலி 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகவும் இருக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். போனில் எடுத்த வீடியோவிலும் திரைப்பதிவிலும் பிரேம் வேகம் பெரும்பாலும் சீராக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே பிரேமைக் குறைத்துக்கொள்ளும். இதை அறியாத காலத்தில் என் நிரல் ஒன்றில் முதல் இரண்டு நொடி உதடும் ஒலியும் ஒட்டிப் போகும், பிறகு மெல்ல விலகிவிடும். இரண்டு மாலைப் பொழுதுகள் என் கணக்கிலேயே தவறு தேடினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, மூல வீடியோதான் சீராக இல்லை.

வேவ் கோப்பு ஏன் என்றால், எம்பி3, ஏஏசி போன்ற சுருக்க வடிவங்கள் ஒலியின் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடத்தைச் சேர்க்கும். அது சில பத்து மில்லிநொடிகள்தான், ஆனால் நூறு துணுக்குகளை அடுக்கும் இடத்தில் அதுவே தாளத்தைக் கெடுத்துவிடும். சாம்பிள் எண்ணிக்கையும், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறோம் என்பதும், எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். 44,100-இல் பதிந்ததை 48,000 என்று நினைத்துப் படித்தால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, சுருதியும் ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். செமிடோன் என்பது கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம். இனி இந்தச் சொல் அடிக்கடி வரும்.

இப்போது அசை குறிப்பதற்கு வருகிறேன். ரீமிக்ஸ் நன்றாக வருவதும் வராததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

எடுத்துக்காட்டுக்கு, மீமில் ஒருவர் சலித்துப்போய் 'போதும்டா சாமி' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போ, தும், டா, சா, மி என்று ஐந்து துண்டுகள். அலைவடிவத்தைத் திரையில் பார்த்து, ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்குகிறதோ அங்கே வெட்டி, எல்லாவற்றையும் பீட்டின் மேல் வைத்தால் போதும் என்றுதான் முதலில் எவருக்கும் தோன்றும். வைத்துக் கேட்டுப் பாருங்கள். 'டா' சரியாக விழும். 'சா' பிந்தி விழும். இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தால் தாளம் நொண்டும். நிரலில் எங்கும் பிழை இருக்காது.

காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. 'சா' என்பது ச் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்த உயிர்மெய். ச் என்ற உரசல் சத்தம் நூறு மில்லிநொடி அளவுக்கு ஓடிய பிறகுதான் ஆ திறக்கிறது. நம் காது அந்த அசை 'விழுந்த' நேரமாக எடுத்துக்கொள்வது உரசல் தொடங்கிய நேரத்தை அல்ல, ஏறக்குறைய உயிர் தொடங்கும் நேரத்தை. 'டா'வில் நாக்கு விடுபட்ட மறுகணமே உயிர் வந்துவிடுவதால் அங்கே பிரச்சினை தெரிவதில்லை. பேச்சொலி ஆய்வாளர்கள் 1970-களிலேயே இதைக் கவனித்து, அந்தக் கணத்துக்குப் பி-சென்டர் என்று பெயர் வைத்தார்கள். தாளச் சொற்களை வாயால் அடுக்கும் கொன்னக்கோல் சொல்லுபவர் வாயைக் கவனித்தால், மெய்யைச் சற்று முன்கூட்டியே தொடங்கி உயிரைத் தாளத்தின் மேல் இறக்குவது தெரியும்.

ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நேரங்கள் குறிக்க வேண்டும்: தொடக்கம், உயிர் தொடங்கும் கணம், முடிவு. பீட்டின் மேல் வைப்பது நடுவில் உள்ளதை. 'சா'வில் உயிருக்கு முன் 110 மில்லிநொடி உரசல் இருக்கிறது என்றால், நிரல் அந்தத் துண்டைப் பீட்டுக்கு 110 மில்லிநொடி முன்னதாகவே ஓடவிட வேண்டும். முந்தைய துண்டின் வாலோடு அது கொஞ்சம் மோதும். மோதட்டும், மனிதப் பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்ததும் ரீமிக்ஸ் இயந்திரத்தனம் குறைந்து, அந்த ஆளே தாளத்தோடு பேசுவது போல ஆகிவிடும். இதற்கு இணையான பலன் தரும் வேறு எந்த வித்தையும் எனக்குத் தெரியவில்லை.

குறிப்பதற்கு ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டர் போதும். அதில் லேபிள் டிராக் ஒன்றைத் திறந்து, இடங்களைக் குறித்து ஏற்றுமதி செய்தால், தொடக்க நேரம், முடிவு நேரம், பெயர் என்று மூன்று நெடுவரிசைகள் உள்ள சாதாரண உரைக்கோப்பு கிடைக்கும். பைத்தான் அதை இரண்டு வரியில் படித்துவிடும். உயிர் தொடங்கும் இடத்தை ஒரு புள்ளி லேபிளாக வையுங்கள். விஸ்பர் போன்ற பேச்சறியும் நிரல்கள் சொல்லுக்குச் சொல் நேரம் கொடுக்கும், நீண்ட பேட்டியிலிருந்து துண்டு தேடும்போது அவை உதவும். ஆனால் அவை தரும் நேரம் பத்தில் ஒரு நொடி அங்கே இங்கே போகலாம். தாளத்துக்கு அந்த அளவு துல்லியம் போதாது, கடைசியில் காதால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

எந்தத் துண்டு எதற்கு உதவும் என்பதற்கும் பள்ளியில் படித்த இலக்கணமே வழிகாட்டும். சுருதி இருப்பது உயிரில். ம், ன், ல் போன்ற மெல்லின, இடையின மெய்களிலும் குரல்வளை அதிர்வதால் சுருதி உண்டு, 'தும்' என்ற துண்டின் ம்-ஐக்கூட நீட்டிப் பாடவைக்கலாம். சொல்லின் முதலிலும் இரட்டித்து வரும்போதும் வல்லினத்துக்குக் குரல் அதிர்வு இல்லை, வெறும் வெடிப்பும் உரசலும்தான். அதனால் அவற்றை டிரம்முக்கு ஒதுக்குங்கள். ப் நல்ல கிக், ட் நல்ல ஸ்னேர், ச் என்ற உரசல் ஹைஹாட் வேலையைப் பார்க்கும். தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்கிறது. என் நிரலில் இதை அப்படியே விதியாக வைத்திருக்கிறேன். மெட்டில் நீண்ட ஸ்வரம் வந்தால் நெடில் துண்டு, குறுகிய ஸ்வரத்துக்குக் குறில், டிரம் அடிக்கு மெய். எழுந்தமானமாகத் தேர்வு செய்தபோது வந்ததைவிட இது பலமடங்கு இயல்பாக ஒலிக்கிறது.

அடுத்தது சுருதி. பேசும் குரல் ஓரிடத்தில் நிற்காது. 'சா' என்று சொல்லும் அந்தக் கால் நொடிக்குள் சுருதி மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும். அதை அளக்க, ஒலியை ஆராயும் பைத்தான் நூலகமான லிப்ரோசாவில் பியின் என்ற முறை இருக்கிறது. நேரத்துக்கு நேரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற பட்டியலைத் தரும். சராசரியை எடுக்காதீர்கள், நடுமதிப்பை எடுங்கள். ஓரங்களில் வரும் ஒன்றிரண்டு தவறான அளவுகள் சராசரியை இழுத்துவிடும். மிடி என்பது ஸ்வரங்களை எண்களாக எழுதும் கணினி முறை, கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஹெர்ட்ஸை மிடி எண்ணாக மாற்ற, 440-ஆல் வகுத்து, அடிமானம் 2-க்கு மடக்கை எடுத்து, 12-ஆல் பெருக்கி, 69-ஐக் கூட்ட வேண்டும். 220 ஹெர்ட்ஸ் என்றால் 57. மெட்டு அந்த இடத்தில் 60-ஐக் கேட்டால் மூன்று செமிடோன் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மூன்று நான்கு செமிடோன் வரை ஏற்றி இறக்கினால் அந்த ஆளின் குரல் அடையாளம் தெரியும்படி இருக்கும். அதைத் தாண்டினால், சாதாரண முறையில் வாயின் அதிர்வு வடிவமும் சேர்ந்து நகர்ந்து, பெரியவர் குரல் அணில் குரலாகிவிடும். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மெட்டையே குரலுக்கு ஏற்ப நகர்த்துவது. மெட்டின் நடு ஸ்வரத்தையும் குரலின் நடுச் சுருதியையும் பார்த்து, மொத்த நகர்வு குறைவாக இருக்கும் ஸ்தாயியை நிரலே தேர்ந்தெடுக்கட்டும். பின்னணி இசையும் மிடியாகக் கையில் இருந்தால் அதையும் சேர்த்து நகர்த்தலாம். இரண்டாவது வழி, வேர்ல்டு என்ற திறந்தமூல வோகோடர். அது குரலைச் சுருதி ஒரு பக்கம், வாயின் வடிவம் ஒரு பக்கம், மூச்சிரைச்சல் ஒரு பக்கம் என்று 5 மில்லிநொடிக்கு ஒரு தடவை பிரித்துக் கொடுக்கும். சுருதி வரிசையை மட்டும் தூக்கிவிட்டு அங்கே நீங்கள் விரும்பும் ஸ்வரத்தை நேர்கோடாக வைத்து மறுபடி சேர்த்தால், அதே ஆள் அதே வாயோடு பாடுவார். பைத்தானிலிருந்தே இதை அழைக்கலாம். கோடு முழுக்க நேராக இருந்தால் ரோபோ போல் ஒலிக்கும். தொடக்கத்தில் பழைய பேச்சின் வழுக்கலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், 40, 50 மில்லிநொடி போதும். அந்த வழுக்கலில்தான் ஆளின் குணம் இருக்கிறது.

நீளத்தையும் வேர்ல்டு பார்த்துக்கொள்ளும். 180 மில்லிநொடி 'சா'வை அரை நொடிக்கு நீட்ட வேண்டுமென்றால், மெய்யைத் தொடாமல் உயிரின் நடுப்பகுதியை மட்டும் நீட்டுங்கள். மெய்யையும் சேர்த்து நீட்டினால் 'சா' ஒரு பெருமூச்சு போல ஆகிவிடும். எந்த நேரம் எங்கே போனது என்ற வரைபடத்தைச் சேமித்து வையுங்கள். படத்தையும் அதே வரைபடத்தின்படி நீட்ட வேண்டும், அப்போதுதான் ஸ்வரம் நிற்கும் வரை வாயும் திறந்தே நிற்கும். இது மிகவும் முக்கியம். ஒலியை நீட்டிவிட்டுப் படத்தை அதன் பாட்டில் ஓடவிட்டால், வாய் மூடிய பிறகும் பாட்டு வந்துகொண்டிருக்கும்.

மெட்டு எங்கிருந்து? மிடி கோப்பாக இருந்தால் நல்லது. ஸ்வரம், நேரம், நீளம் எல்லாம் எண்களாகவே இருக்கும், பைத்தானில் ப்ரெட்டி மிடி என்ற நூலகம் அதை எளிதாகப் படித்துவிடும். சிறு மெட்டை நீங்களே தட்டி உருவாக்கினால் இன்னும் நல்லது. ஆடியோவாக மட்டும் கிடைக்கும் பின்னணியில் பீட் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் லிப்ரோசா செய்யும், ஆனால் டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதை, பாதியாகவோ இரட்டிப்பாகவோ சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. கண்டுபிடித்த பீட்டுகளின் மேல் டக் டக் என்று ஒரு சத்தம் வைத்து ஒரு தடவை கேட்டுவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

இனி படம். ஒலிதான் எஜமான், படம் அதன் பின்னால் வரட்டும். முழு ஒலிக்கோப்பையும் முடித்த பிறகே படத்தைத் தொடுங்கள்.

இங்கே ஒரு கணக்குப் பிழை கிட்டத்தட்ட எல்லோருக்கும் நேர்கிறது. டெம்போ 128 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீட் 0.46875 நொடி. நொடிக்கு 30 பிரேமில் அது 14.0625 பிரேம். முக்கால்வாசிப் பேர் ஒவ்வொரு துணுக்கையும் 14 பிரேமாக வெட்டி வரிசையாக ஒட்டுவார்கள். பீட்டுக்கு 0.0625 பிரேம்தானே போகிறது என்று தோன்றும். ஒரு நிமிடத்தில் 128 பீட், அதனால் 8 பிரேம் காணாமல் போயிருக்கும். அதாவது 0.27 நொடி. ஒலி படத்துக்கு 125 மில்லிநொடி பிந்தினாலோ 45 மில்லிநொடி முந்தினாலோ மனிதர் கவனித்துவிடுவார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை சொல்கிறது. உங்கள் ரீமிக்ஸ் அந்த எல்லையை அரை நிமிடத்துக்குள்ளேயே தாண்டிவிடுகிறது. பாதி வழியில் ஏதோ சரியில்லையே என்று பார்ப்பவருக்குத் தோன்றும், காரணம் தெரியாது.

தீர்வு எளிது. துணுக்கின் நீளத்தைக் கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு பீட்டின் இடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே கணக்கிட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் முழு எண்ணாக்குங்கள். பிழை எவ்வளவு நேரமானாலும் அரை பிரேமுக்கு மேல் போகாது. டெம்போவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் 90 அல்லது 150 எடுங்கள். நிமிடத்துக்கு 1,800 பிரேம் என்பதால் 90-இல் பீட்டுக்குச் சரியாக 20 பிரேம், கால் பீட்டுக்கு 5. 150-இல் பீட்டுக்கு 12, கால் பீட்டுக்கு 3. எதையும் முழு எண்ணாக்க வேண்டிய அவசியமே வராது. பழைய தொலைக்காட்சி வழக்கப்படி 29.97 பிரேமில் இருக்கும் மூலத்தை முதலிலேயே 30-க்கு மாற்றிவிடுங்கள். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசமும் சேர்ந்துகொண்டே போகும்.

துணுக்குகளை நூற்றுக்கணக்கில் வெட்டி, மூவிபை என்ற பைத்தான் வீடியோ நூலகத்தில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் இணையத்தில் பெரும்பாலான பாடங்கள் காட்டும் வழி. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். துணுக்குகள் கூடக் கூட வேகம் படுத்துவிடும். தவிர மூவிபை இரண்டாம் பதிப்பில் பல பெயர்கள் மாறிவிட்டதால் பழைய பாடங்களின் நிரல் ஓடாது. மறுபடி குறியாக்கம் செய்யாமல் எஃப்எஃப்எம்பெக்கில் நேரடியாக வெட்டுவது இன்னொரு கண்ணி. அது முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட முக்கிய பிரேம்கள் உள்ள இடத்தில்தான் வெட்டும், நீங்கள் கேட்ட இடத்தில் வெட்டாது.

நான் செய்வது வேறு. மூலம் எட்டு நொடிதானே, மொத்தம் 240 பிரேம். 1280க்கு 720 அளவில் எல்லாவற்றையும் அப்படியே நினைவகத்தில் ஏற்றினாலும் சுமார் 660 மெகாபைட்தான் ஆகும். பிறகு வெளியீட்டின் பக்கமிருந்து யோசிக்கிறேன். இந்த 1,247-ஆம் பிரேமில் எந்தத் துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்துக்கு மூலத்தின் எத்தனையாவது பிரேம்? சேமித்து வைத்த கால வரைபடம் பதிலைச் சொல்லிவிடும். அந்த பிரேமை எடுத்து, வேண்டிய மாற்றத்தைச் செய்து, எஃப்எஃப்எம்பெக்குக்குக் குழாய் வழியாக அனுப்புகிறேன். ஒன்றரை நிமிட ரீமிக்ஸ் என்றால் 2,700 தடவை இதே வேலை. துணுக்கு, ஒட்டு என்ற பேச்சே இல்லை. நீட்டல், குறுக்கல், பின்னோக்கி ஓட்டல் எல்லாம் எந்த எண்ணைக் கேட்கிறோம் என்பதில் அடங்கிவிடுகிறது.

காட்சி மாற்றங்களில் ஒன்று மட்டும் கட்டாயம். அடுத்தடுத்த ஸ்வரங்களுக்குப் படத்தை இடவலமாகத் திருப்புங்கள். ஒரே அசை நான்கு தடவை வந்தால் காது நான்கு அடியைக் கேட்கும், கண்ணுக்கோ ஒரே படம் துடிப்பது போலத்தான் தெரியும். திருப்பிவிட்டால் ஒவ்வொரு அடியும் கண்ணில் விழுகிறது. பின்னணியில் எழுத்து ஏதாவது இருந்தால் அது கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியும், அப்போது திருப்பலுக்குப் பதில் பீட்டில் ஐந்து பத்து சதவீதம் பெரிதாக்கி மெல்லச் சுருங்கவிடலாம். ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரம் ஒலித்தால் திரையைப் பிரித்து மூன்று கட்டங்களில் காட்டுங்கள். வெள்ளை மின்னல், நிறத் தலைகீழ் போன்றவற்றில் கவனம் தேவை. நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகக்கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. ஒளிமின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் பார்ப்பவர்களில் இருப்பார்கள். 150 டெம்போவில் அரை பீட்டுக்கு ஒரு மின்னல் வைத்தால் நொடிக்கு ஐந்து ஆகிவிடுகிறது. என் நிரல் மூன்றைத் தாண்டினால் ஓட மறுக்கும்படி எழுதியிருக்கிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

வடிவமைப்பைப் பற்றி ஒன்று. மீமை வெட்டாமல் முழுதாக ஒரு தடவை முதலில் ஓடவிடுங்கள். அதைப் பார்க்காதவருக்கு ரீமிக்ஸில் எதுவும் புரியாது, பார்த்தவருக்கும் அந்த முதல் நொடியில்தான் முகம் மலரும். நம் எடுத்துக்காட்டில் அந்த ஆள் 'போதும்டா' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுகிறார், அப்புறம்தான் 'சாமி'. அந்த மூச்சு இல்லாவிட்டால் அது மீமே இல்லை. அமைதியான இடங்களைத் தானாக நீக்கும் நிரல்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். பாட்டின் நடுவில், எல்லா இசையையும் ஒரு பீட் நிறுத்திவிட்டு, அந்த மூச்சை மட்டும் அப்படியே விட்டு, 'சாமி' வரும் இடத்தில் டிரம்மை மறுபடி இறக்கிப் பாருங்கள். இப்படிப்பட்ட இடத்தை நிரல் கண்டுபிடிக்காது, லேபிள் கோப்பில் நீங்கள்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒரே வரிசையை நான்கு தடவைக்கு மேல் மாற்றமில்லாமல் ஓட்ட வேண்டாம். துண்டுத் தேர்வில் எழுந்தமானம் வைத்தால் அதன் விதை எண்ணை நிலையாக வையுங்கள். நன்றாக வந்த ஒன்றை மறுபடி எடுக்க முடியாமல் போவது மிகவும் வருத்தமான விஷயம்.

கடைசிப் படிகள் சுருக்கமாக. ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் 5 மில்லிநொடி ஒலியை ஏற்றி இறக்குங்கள், இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் 'டிக்' என்று கேட்கும். துண்டுகளின் சத்த அளவை அடுக்குவதற்கு முன்பே சமமாக்குங்கள். முடிந்த கலவையை எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் வடிகட்டியால் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்தால், பெரிய தளங்கள் அதை மேலும் குறைத்துக் கெடுக்காது.

வெளியிடுவதற்கு முன் மீமில் இருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் பாடகராக வந்து நிற்கவில்லை, யாரோ எடுத்த எட்டு நொடியில் மாட்டிக்கொண்டவர். யாரென்று தெரிந்தால் கேட்டுவிடுங்கள், பலர் சந்தோஷமாகவே சம்மதிக்கிறார்கள். குழந்தை என்றாலோ, அவமானப்பட்ட கணம் என்றாலோ வேறு மீமை எடுங்கள். அசைகளை மாற்றி அடுக்கி அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆக்காதீர்கள். கையில் இருக்கும் கருவிக்கு அது மிகச் சுலபம் என்பதாலேயே சொல்கிறேன். இசைப் பக்கம், பிறர் பதிவைப் பின்னணியாக வைத்தால் யூடியூபின் உள்ளடக்க அடையாள முறை பெரும்பாலும் பிடித்துவிடும். பழைய மெட்டுக்கு உரிமை காலாவதியாகியிருந்தாலும் அதை வாசித்த பதிவுக்கு உரிமை இருக்கலாம், ஆகவே மெட்டை நீங்களே மிடியில் எழுதிக்கொள்வது நிம்மதி.

இத்தனையையும் முதல் நாளே எழுத உட்கார வேண்டாம். டெம்போ 90, எட்டு பீட், நான்கு துண்டுகள், சுருதி மாற்றம் எதுவும் இல்லாமல் 160 பிரேம் ஓடும் ஒரு வீடியோ. முதலில் இதை மட்டும் எடுங்கள். ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு லேபிள் கோப்பில் 'சா'வின் உயிர்ப்புள்ளியை 20 மில்லிநொடி பின்னே தள்ளி ஒரு தடவை, முன்னே இழுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கும் இடம் எதுவோ அதை வைத்துக்கொண்டு, சுருதிப் பகுதியை எழுத ஆரம்பியுங்கள்.